இரு உலகப் போர்களுக்கு இடையில் ஆங்கிலப் பள்ளி இல்லங்களும் இல்லப் போட்டிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வி வரலாற்று வகுப்பில் 1918க்கும் 1939க்கும் இடைப்பட்ட இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். பழைய ஆங்கிலப் பள்ளிக்கதைகளைப் படித்து வளர்ந்தவர்களும் அவற்றையே கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றாமல் கேள்விகளாக வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் வழங்கும் ‘இல்லம்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் ‘ஹவுஸ்’ என்று படித்துக்கொள்ளலாம்.

1. இல்லம் என்றால் விடுதிதானே? அதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?

ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்ற கட்டணப் பள்ளிகளில் இல்லம் விடுதியாகவும் இருந்தது, அதற்கு மேலாகவும் இருந்தது. பையன் அங்கே உறங்கினான், உண்டான், மாலையில் பாடம் படித்தான், இரவுப் பிரார்த்தனையில் நின்றான். வகுப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும், பாட ஆசிரியர்களும் மாறுவார்கள். பதின்மூன்று வயதில் சேர்ந்தது முதல் பதினெட்டில் வெளியேறும் வரை மாறாமல் இருந்தது இல்லம் மட்டுமே. பெற்றோர் இடம் கேட்டுக் கடிதம் எழுதியதும் பெரும்பாலும் இல்ல ஆசிரியருக்குத்தான். ஈட்டனில் இல்லங்கள் இன்றும் அவற்றை நடத்தும் ஆசிரியரின் பெயரெழுத்துகளாலேயே குறிக்கப்படுகின்றன.

வீட்டை விட்டு வந்த ஒரு சிறுவனுக்கு அறுநூறு, ஆயிரம் பேர் கொண்ட பள்ளி மிகப் பெரியது. நாற்பது, ஐம்பது பேர் கொண்ட இல்லத்தில்தான் அவனைப் பெயர் தெரிந்து கூப்பிடுவார்கள். ஆரவாரத்தின் வேர் அதில் இருக்கிறது.

2. இதைத் தொடங்கியவர் தாமஸ் ஆர்னல்டுதானே?

தனி ஒருவர் தொடங்கியதல்ல. பள்ளியில் தங்க இடம் போதாததால் ஊரில் சிலரும் ஆசிரியர்களும் பையன்களைத் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்டுக் கட்டணம் வாங்கினார்கள். அந்த வீடுகளே பிறகு இல்லங்களாயின. ஆர்னல்டு ரக்பியில் தலைமை ஆசிரியராக இருந்த 1828–1842 காலத்தில் மூத்த மாணவர்களிடம் ஒழுங்கைப் பேணும் பொறுப்பைக் கொடுத்தார். அவருக்கு விளையாட்டில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை.

விளையாட்டைச் சேர்த்தவர்கள் அடுத்த தலைமுறையினர். ஆர்னல்டின் கீழ் ரக்பியில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் காட்டன் 1852இல் மார்ல்பரோவுக்குத் தலைமை ஆசிரியராகப் போனார். முந்தைய ஆண்டுதான் அங்கே மாணவர்கள் கலகம் செய்திருந்தார்கள். ஊர் சுற்றி வம்பு வளர்த்த பையன்களை மைதானத்துக்குள் இழுக்க, ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டைப் பற்றி 1853இல் பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அப்பிங்காமில் எட்வர்ட் திரிங், ஓர் இல்லத்தில் முப்பது பேருக்கு மேல் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். 1859இல் அங்கே உடற்பயிற்சிக்கூடம் கட்டினார். ஆகவே 1920களின் மாணவன் தொன்மையான மரபு என்று நம்பிய ஏற்பாட்டின் பெரும்பகுதி அவன் தாத்தா காலத்தில் உருவானதுதான்.

3. வாட்டர்லூ போர் ஈட்டன் மைதானத்தில் வெல்லப்பட்டது என்று வெலிங்டனே சொல்லியிருக்கிறாரே?

வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை. அவர் 1852இல் இறந்த பிறகே அந்த வாசகம் பரவியது. அவர் ஈட்டனில் படித்த 1781–1784 காலத்தில், மேலே சொன்ன வகையில் ஒழுங்குபடுத்திய விளையாட்டே அங்கு இல்லை. பரிசளிப்பு விழாக்களில் இந்த வாசகத்தை இன்றும் கேட்கிறேன். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

4. விடுதியே இல்லாத பள்ளியிலும் இல்லங்கள் இருந்ததாகப் படித்தேன். மாலையில் வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு எதற்கு இல்லம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் உண்மையான புதுமை இங்கேதான் நடந்தது. 1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளின் கையில் இடைநிலைக் கல்வியைக் கொடுத்தது. ஊர்தோறும் புதிய பகல்நேரப் பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்கு வந்த தலைமை ஆசிரியர்கள் பலர் பழைய விடுதிப் பள்ளிகளிலோ ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜிலோ படித்தவர்கள். தங்கள் பள்ளிக்கும் அந்த ஒட்டுறவு வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கட்டடத்தைக் கொண்டுவர முடியாது. எனவே பெயரையும் நிறத்தையும் கோப்பையையும் கொண்டுவந்தார்கள்.

பள்ளியை நான்காகவோ ஆறாகவோ பிரித்தார்கள். சில இடங்களில் அகரவரிசை, சில இடங்களில் குடியிருக்கும் பகுதி, சில இடங்களில் சீட்டுக் குலுக்கல். அண்ணன் இருந்த இல்லத்திலேயே தம்பியைச் சேர்ப்பது வழக்கம். பதினொரு வயதுப் பையன் பதினேழு வயதுப் பையனோடு ஒரே பக்கம் நிற்க வேறு வாய்ப்பே அந்தப் பள்ளிகளில் இல்லை. வகுப்பு வயதுவாரியாகப் பிரித்தது, இல்லம் வயதைக் கடந்து சேர்த்தது.

இதை வெறும் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். விடுதிப் பள்ளி இல்லத்தின் இருண்ட பக்கங்கள் பல (எட்டாம் கேள்வியைப் பாருங்கள்) மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளையைத் தொடவில்லை. ஒட்டுறவில் கொஞ்சம் குறைந்திருக்கலாம். கொடுமையில் மிகவும் குறைந்தது.

5. இல்லங்களுக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள்?

விடுதிப் பள்ளிகளில் ஆசிரியர் பெயர், கட்டடப் பெயர், அல்லது ரக்பியில் தலைமை ஆசிரியரோடு சேர்ந்திருந்த ‘ஸ்கூல் ஹவுஸ்’ போன்ற பெயர். பகல்நேரப் பள்ளிகள் தாங்களே தேடிக்கொண்டன: பள்ளியை நிறுவியவர்கள், ஊர்ப் பெரியவர்கள், ஜார்ஜ், ஆண்ட்ரூ, டேவிட், பேட்ரிக் என்னும் நான்கு நாட்டுப் புனிதர்கள், டிரேக், ராலி போன்ற கடலோடிகள். 1923இல் 99 மாணவர்களோடு தொடங்கிய ஸ்டோ பள்ளி, தான் குடியேறிய மாளிகையோடு தொடர்புடைய டெம்பிள், கிரென்வில் போன்ற குடும்பப் பெயர்களை இல்லங்களுக்கு வைத்துக்கொண்டது.

6. விளையாட்டு மட்டும்தானா? புள்ளிகளை எப்படிக் கணக்கிட்டார்கள்?

ஆண்டின் மூன்று பருவங்களும் போட்டிகளால் நிரம்பியிருந்தன. இலையுதிர்காலத்தில் கால்பந்து அல்லது ரக்பி. குளிர் முடியும் காலத்தில் ஹாக்கி, குத்துச்சண்டை, வயல்வெளி ஓட்டம், தடகளம். கோடையில் கிரிக்கெட், நீச்சல், ஆறு இருந்தால் படகோட்டம். கையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஃபைவ்ஸ், துப்பாக்கி சுடுதல், 1908இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் படையின் அணிவகுப்பு ஆகியவற்றுக்கும் கேடயம் உண்டு. 1920களிலிருந்து பாட்டு, நாடகம், சதுரங்கம், விவாதம் எனப் பட்டியல் நீண்டது. பகல்நேரப் பள்ளிகள் சில வகுப்பு மதிப்பெண்ணையும் நன்னடத்தையையும்கூட இல்லக் கணக்கில் சேர்த்தன.

வெற்றிபெற்ற இல்லத்தை ஹாரோ, ரக்பி போன்ற பள்ளிகளில் ‘காக் ஹவுஸ்’ என்றார்கள். பழைய முறையில் அது தோற்றவர் வெளியேறும் ஆட்டங்களின் இறுதிப் போட்டியை வெல்வது. பதினொருவரோ பதினைவரோ ஆடுவார்கள், மற்றவர்கள் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இதற்கு மாற்றாகப் பரவியது தகுதி அளவு முறை. ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் 100 கெஜம், கால் மைல், ஒரு மைல், உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல் என ஒவ்வொன்றுக்கும் நடுத்தரமான உடல்வாகு உள்ள பிள்ளை முயன்றால் எட்டக்கூடிய ஓர் அளவை வைத்தார்கள். அதை எட்டிய ஒவ்வொருவனும் தன் இல்லத்துக்கு ஒரு புள்ளி கொண்டுவருவான். அவனுக்கு முன்னால் எத்தனை பேர் ஓடினார்கள் என்பது பொருட்டல்ல. இல்லங்கள் சமமாக இல்லாத இடத்தில் மொத்தத்தை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டார்கள். ஒரே மாற்றம்தான், விளைவோ பெரிது. வேடிக்கை பார்த்தவனுக்கும் இல்லத்தின் கணக்கில் ஒரு வரி கிடைத்தது.

7. வென்றால் என்ன கிடைத்தது?

பணமோ பொருளோ இல்லை. ஓராண்டுக்கு உணவுக்கூடத்தில் வைக்க ஒரு வெள்ளிக் கோப்பை, சுவர்ப்பலகையில் பொன்னெழுத்தில் ஆண்டும் பெயரும், ஓர் இரவு விருந்து. தனி ஆட்டக்காரனுக்கு ‘இல்ல நிறம்’ வழங்குவார்கள்: தொப்பி, கழுத்துத் துணி, சட்டையில் ஒரு சின்னம். அந்தத் தொப்பிக்காகப் பையன்கள் ஏங்கிய ஏக்கத்தைத் தேர்வுப் பரிசுகள் எழுப்பியதில்லை. பாடத்தில் முதல்வனைவிட ஆட்டத்தில் முதல்வனுக்கு மதிப்பு அதிகம் என்ற குறை அக்காலத்திலேயே பலமாகக் கேட்டது.

8. இல்லத் தலைவனாக இருந்த மாணவன் மற்ற மாணவர்களைப் பிரம்பால் அடிக்கலாம் என்பது உண்மையா?

உண்மை. பல விடுதிப் பள்ளிகளில் மூத்த மாணவத் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் இருந்தது. இளைய மாணவர்கள் மூத்தவர்களுக்குக் காலணி துடைப்பது, ரொட்டி சுடுவது, ஓடி ஓடிச் செய்தி சொல்வது என்ற ‘ஃபேகிங்’ வழக்கமும் இருந்தது. இல்லப் போட்டியும் இதில் கலந்துவிட்டது. பயிற்சிக்கு வராதவன், ஆட்டத்தில் ‘ஊக்கம் காட்டாதவன்’ என்று பெயர் வாங்கியவன், இல்லத்துக்குத் துரோகம் செய்தவனாகக் கருதப்பட்டான். தண்டிப்பவனும் பதினேழு வயதுப் பையன், அவனை மேற்பார்க்க வேண்டிய ஆசிரியரோ கதவுக்கு அப்பால்.

இதை அந்தக் காலத்து நடைமுறை என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே காலத்தில் வேறு விதமாக நடத்தியவர்களும் இருந்தார்கள். ஸ்டோவின் முதல் தலைமை ஆசிரியர் ரோக்ஸ்பரோ ஒவ்வொரு மாணவனையும் பெயரால் அறிந்திருந்ததற்குப் புகழ்பெற்றவர்.

9. எனக்கு ஓடவும் தெரியாது, பந்தடிக்கவும் தெரியாது. அந்தக் காலத்தில் அங்கே படித்திருந்தால் என் கதி என்ன?

எந்தப் பள்ளி, எந்த இல்லம், எந்த ஆசிரியர் என்பதைப் பொறுத்தது. மோசமான இல்லத்தில், விளையாட்டு வீரர்களின் சிறு கூட்டம் ஒன்று ஆட்சி செய்யும். அவர்கள் மட்டும் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிடலாம், அவர்கள் மட்டும் கைகோத்து நடக்கலாம் என்பது போன்ற நுணுக்கமான சலுகைகள் பள்ளிக்குப் பள்ளி இருந்தன. ஈட்டனில் ‘பாப்’ என்ற மாணவர் குழு தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்துகொண்டது, அவர்கள் வண்ண உள்மேற்சட்டை அணிந்தார்கள். அத்தகைய இடத்தில் நீங்கள் ஐந்தாண்டுகள் தலைகுனிந்து நடந்திருப்பீர்கள்.

நல்ல இல்லத்தில் நாடக மேடையோ பாட்டுக் குழுவோ உங்களை ஏற்றிருக்கும், அல்லது ஆறாம் பதிலில் சொன்ன தகுதி அளவு உங்களுக்கு இரண்டு மூன்று புள்ளிகளாவது தந்திருக்கும். ஓர் இல்லம் எத்தனை கோப்பை வென்றது என்பதை நான் பார்ப்பதில்லை. அதன் மிகப் பலவீனமான பையன் போட்டி நாளன்று எங்கே இருந்தான் என்றுதான் தேடுவேன். மைதானத்தில் ஏதோ ஒரு வேலையோடு இருந்தான் என்றால் அது நல்ல இல்லம்.

10. வேறு இல்லத்தில் நண்பன் இருந்தால்?

வகுப்பில் பேசலாம், மைதானத்தில் பேசலாம். அவன் இல்லத்துக்குள் போவது பல பள்ளிகளில் அனுமதி இல்லாத காரியம். வெவ்வேறு வயதுப் பையன்களின் நெருக்கத்தையும் ஆசிரியர்கள் பயத்தோடு கண்காணித்தார்கள். பகல்நேரப் பள்ளிகளில் இந்தச் சிக்கலே இல்லை, ஒரே தெருப் பிள்ளைகள் வெவ்வேறு நிறம் அணிந்து ஒரே பஸ்ஸில் போனார்கள்.

11. பெண்கள் பள்ளிகளில் இதெல்லாம் உண்டா?

நிறையவே உண்டு. 1885இல் தொடங்கிய ரோடீன், 1896இல் தொடங்கிய வைகோம்ப் அபே போன்ற விடுதிப் பள்ளிகள் இல்லத்தையும் விளையாட்டையும் தொடக்கத்திலிருந்தே கொண்டாடின. வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் லக்ரோஸ், ஹாக்கி, நெட்பால், கிரிக்கெட் ஆகியவை இல்லங்களுக்கிடையே நடந்தன. பெண் ஓடக்கூடாது, வியர்க்கக்கூடாது என்று மருத்துவர்கள்கூட எச்சரித்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு அடுத்து வந்த பெண்கள் அவர்கள். சேற்றில் புரண்டு பந்தை அடிக்கும் உரிமை அவர்களுக்குப் பெரிய விடுதலை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பெண்கள் பள்ளிகளில் ஒழுங்கும் நடையுடை பாவனையும் இல்லக் கணக்கில் அதிக இடம் பிடித்தன. நேரம் தவறினாலோ நடைவழியில் பேசினாலோ ஒழுங்குக் குறைப் புள்ளி. நிமிர்ந்து நடப்பதற்குத் தனிச் சின்னம். தன் தவற்றால் இல்லம் முழுவதும் புள்ளி இழப்பதைப் பார்த்துக் குமைந்த சிறுமிகளை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

12. இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் கதை. ஏழைக்கு இதில் என்ன பங்கு?

பாதி சரி. அன்று பெரும்பாலான ஆங்கிலப் பிள்ளைகள் 14 வயதில் படிப்பை முடித்து வேலைக்குப் போனார்கள். 1918ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எல்லை அது. இல்லங்கள் மலிந்த இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்தவர்கள் சிறுபான்மையினர். ஆனால் 1907ஆம் ஆண்டு விதிகளின்படி, அரசு மானியம் பெற்ற இடைநிலைப் பள்ளிகள் பொதுவாகக் கால் பங்கு இடங்களைக் கட்டணமின்றித் தர வேண்டியிருந்தது. எனவே தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். 1932இல் பொருளாதார நெருக்கடியைக் காட்டி அந்த இலவச இடங்களைக் குடும்ப வருமானம் பார்த்துத் தரும் ‘சிறப்பு இடங்களாக’ மாற்றினார்கள்.

உள்ளே வந்த பிள்ளைக்கு இல்லம் ஒரு நன்மை செய்தது: கட்டணம் கட்டியவனும் கட்டாதவனும் ஒரே நிறத்தில் நின்றார்கள். கூடவே ஒரு சுமையும் வந்தது. கோட்டு, தொப்பி, கால்பந்துக் காலணி, கிரிக்கெட் வெள்ளை உடை எல்லாம் வாங்கியாக வேண்டும். சனிக்கிழமை ஆட்டம் என்றால் அன்று கடையில் வேலை செய்து சம்பாதிக்கும் சில்லறையும் போகும். ஆட்டத்துக்கு வராத அந்தப் பையனை ஊக்கம் இல்லாதவன் என்று எழுதிவைத்த இல்லத் தலைவனுக்கு அவன் வீட்டுக் கணக்கு தெரிந்திருக்காது.

13. முதல் உலகப் போரில் அத்தனை மாணவர்கள் இறந்த பிறகும், ‘இல்லத்துக்காக உயிரைக் கொடு’ என்ற பேச்சு எப்படித் தொடர்ந்தது?

ஈட்டனின் பழைய மாணவர்கள் மட்டும் 1,157 பேர் அந்தப் போரில் இறந்தார்கள். பள்ளிக்குப் பள்ளி நினைவுச் சின்னங்கள், சுவர் நிறையப் பெயர்கள். 1920களில் அந்தச் சுவரைக் கடந்துதான் பையன்கள் சாப்பிடப் போனார்கள். இறந்தவர்கள் பலரின் பெயர் கோப்பைப் பலகையிலும் இருந்தது. அந்த மரபை விட்டுவிடுவது அவர்களைக் கைவிடுவதாகும் என்று ஆசிரியர்கள் உணர்ந்தார்கள். அதை வெறும் போர்வெறி என்று என்னால் எழுத முடியவில்லை, துக்கத்தின் பங்கு அதில் பெரிது.

மறுபக்கம், பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். போரில் தந்தையை இழந்த பையனை இல்ல அணிவகுப்புக் கேடயத்துக்காகத் துப்பாக்கி தூக்கச் சொன்னால் எல்லோரும் மகிழ்ச்சியோடு தூக்கவில்லை.

14. அப்படியானால் வெளிப்படையாக எதிர்த்தவர்கள் யார்?

மாணவர்களில் பேர்பெற்றவர் எஸ்மண்ட் ராமிலி. வின்ஸ்டன் சர்ச்சிலின் மனைவியுடைய சகோதரி மகன். 1934இல், பதினைந்து வயதில், வெலிங்டன் கல்லூரி என்ற கட்டணப் பள்ளியிலிருந்து ஓடிப்போனார். கட்டணப் பள்ளிகளின் இராணுவப் பயிற்சியையும் பிற்போக்கையும் தாக்கிப் பள்ளி மாணவர்களுக்கென்றே ஓர் இதழ் நடத்தினார்.

ஆசிரியர்களில் ஏ. எஸ். நீல் இன்னும் ஆழமாகப் போனார். 1927இல் சஃபோக்கின் லெய்ஸ்டனுக்கு வந்து சேர்ந்த அவருடைய சம்மர்ஹில் பள்ளியில் வகுப்புக்குப் போவதே பிள்ளையின் விருப்பம். 1926இல் தொடங்கிய டார்டிங்டன் பள்ளியும் கட்டாய விளையாட்டை ஒதுக்கியது. இவை சிறிய பள்ளிகள். ஆனால் பெரிய பள்ளிகளின் ஆசிரியர்கள் 1930களில் இசைக்கும் கைத்தொழிலுக்கும் இடம் தந்ததில் இந்த விமர்சனத்துக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

15. பழைய பள்ளி இதழ்களில் ‘இல்லக் குறிப்புகள்’ என்று பக்கம் பக்கமாக வருகிறது. அதை ஆதாரமாகக் கொள்ளலாமா?

எந்த ஆட்டம், யார் வென்றார், எத்தனை ஓட்டம் என்பதற்குக் கொள்ளலாம். மனநிலைக்குக் கவனத்தோடு கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் பெரும்பாலும் இல்லத் தலைவர்கள், அதாவது அந்த ஏற்பாட்டில் மேலே ஏறியவர்கள். பருவத்துக்குப் பருவம் ஒரே புலம்பல் வரும்: சிறியவர்கள் போதிய ஊக்கம் காட்டவில்லை, கோட்டோரம் நின்று கத்த ஆளில்லை. நான் அந்தப் புலம்பலைத் தலைகீழாகப் படிக்கச் சொல்வேன். இல்ல உணர்வு தானாகப் பொங்கியிருந்தால் அதை ஒவ்வொரு பருவமும் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது. எத்தனையோ பிள்ளைகள் மழையில் நிற்பதைவிட உள்ளே புத்தகம் படிப்பதை விரும்பினார்கள். அவர்கள் குறிப்பு எழுதவில்லை.

16. நம் ஊர் இல்ல மெய்வல்லுநர் (தடகள) போட்டியும் சிவப்பு, நீல, பச்சை அணிகளும் அங்கிருந்து வந்தவையா?

ஆம், மிஷனரிகளும் காலனிய ஆட்சிக்காலக் கல்லூரிகளும் கொண்டுவந்த வழி அது. இரண்டாம் பதிலில் வந்த ஜார்ஜ் காட்டன் பின்னாளில் கல்கத்தாவின் பிஷப் ஆனார், 1859இல் சிம்லாவில் அவர் நிறுவிய பள்ளி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தெளிவான உதாரணம் 1935இல் டேராடூனில் தொடங்கிய டூன் பள்ளி. முதல் தலைமை ஆசிரியர் ஆர்தர் ஃபுட் ஈட்டனில் அறிவியல் கற்பித்தவர், உடன் வந்த ஜான் மார்ட்டின் ஹாரோவில் இருந்தவர். இல்லங்களுக்கு ஹைதராபாத், காஷ்மீர், ஜெய்ப்பூர், டாடா என்று பெயர்.

நம் பகல்நேரப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது நான்காம் பதிலில் சொன்ன வடிவம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வோர் இல்லமும் மைதானத்தில் தனக்கெனக் கூடாரம் கட்டி அலங்கரித்து அதற்கும் பரிசு வாங்குவது நாமே சேர்த்த அழகு.

17. எங்கள் பள்ளியில் இல்லப் போட்டி ஒருநாள் கூத்தாகப் போய்விட்டது. அந்தக் காலத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பது?

தகுதி அளவு முறையைத்தான். இறுதிப் போட்டிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். வயதுப் பிரிவுக்கு ஐந்தாறு நிகழ்ச்சி போதும். அளவை ஏட்டிலிருந்து எடுக்காமல், உங்கள் பிள்ளைகளை ஒருமுறை ஓடவும் தாண்டவும் விட்டுப் பார்த்து, பாதிப் பேர் முதல் நாளிலேயே எட்டக்கூடியதாக வையுங்கள். எட்டாதவர்கள் விரும்பிய மாலையில் திரும்ப முயலலாம் என்று அறிவியுங்கள். நேரம் குறிக்கவும் அளக்கவும் மூத்த மாணவர்களையே அமர்த்துங்கள், ஒவ்வோர் இல்லத்திலும் ஓடமுடியாத பிள்ளைகளுக்குப் பதிவேட்டுப் பொறுப்பைக் கொடுங்கள். இறுதி நாளில் முதல் மூன்று இடங்களுக்குரிய புள்ளிகளோடு இந்தப் புள்ளிகளையும் கூட்டுங்கள். இரண்டும் ஏறக்குறையச் சம எடை பெறும்படி முன்கூட்டியே கணக்குப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவது முக்கியம். இல்லையென்றால் கடைசி நாளில் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.